பழைய ஃபோர் வீல் டிரைவ் கேம்பர் வேன் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நியூசிலாந்தில் கேம்பராக மாற்றிய பழைய மிட்சுபிஷி டெலிக்கா ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், சனிக்கிழமை நேரில் போவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு டெலிக்கா வாங்கியவன். முதலாவதில் நன்றாகச் சூடுபட்டேன். இரண்டும் எல்400 என்ற மாடல், 4எம்40 என்ற 2.8 லிட்டர் டீசல் எஞ்சின். அதனால் எனக்குத் தெரிந்த அந்த வண்டியை வைத்தே சொல்கிறேன்.

முதல் வண்டியைப் பார்க்கப் போனபோது கட்டில், சின்ன சிங்க், கூரைக் கண்ணாடி வழியே தெரிந்த வானம் என்று மனைவியும் நானும் அப்படியே மயங்கிவிட்டோம். "இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன்" என்றார் விற்றவர். எஞ்சின் சூடாக இருந்தது, ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. 11,000 டாலர் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து கைமாய் மலை ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ஓரம்கட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல்.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, மேல எல்லாம் வடிவாப் பாத்தனி, கீழ பாத்தனியே?" என்று கேட்டுவிட்டு, என்னையும் வண்டிக்கு அடியில் வரச்சொன்னார். பின் சீட்டுக்கும் ஹீட்டர் வேண்டும் என்பதற்காக, இந்த வண்டியில் கூலண்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை) இரும்புக் குழாயில் அடிப்பக்கமாகவே பின்னால் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் குழாய் துருப்பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை. ஓடும்போது மட்டும் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. தண்ணீர் குறைந்தபின் சென்சாரும் சூட்டை ஒழுங்காகக் காட்டாது. 4எம்40-இன் ஹெட் சூட்டைத் தாங்காது என்பது ஊரறிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை.

எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் இந்த மாதிரிக் கோளாறெல்லாம் தெரியாமல் போய்விடும். ஆகவே முந்தைய நாளே போன் போட்டு, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய்ப் படலமோ பழுப்புச் சேறோ இருக்கக் கூடாது. மூடியை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் பிடித்திருங்கள் (ஃபேன் பக்கம் கை போக வேண்டாம்). எஞ்சின் இன்னும் சூடேறாத முதல் சில நிமிடங்களிலேயே அது கல் மாதிரி இறுகினால், சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது என்று அர்த்தம். ஹெட்டோ அதன் அடியிலுள்ள கேஸ்கட்டோ போய்விட்டது. குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் வந்தால் வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

அடுத்து பழைய துணி ஒன்றை விரித்து அடியில் படுங்கள். கையில் டார்ச்சும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வேண்டும். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, பின்சக்கர வளைவு, அந்த ஹீட்டர் குழாய் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று கேட்க வேண்டும், 'பொத்' என்று அமுங்கக் கூடாது. அடி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும். ஜப்பானில் பனிக்காலத்தில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடி வந்த வண்டிகள் உண்டு. இங்கே வந்தபின் தொண்ணூறு மைல் கடற்கரையில் அலைக்குள் ஓட்டியவையும் உண்டு. சிலர் அந்தப் படத்தையே விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். நமக்கு நல்லதுதான்!

ஃபோர் வீல் டிரைவை விற்பவர் வாயால் கேட்காமல் ஓட்டிப் பாருங்கள். லீவரில் நான்கு நிலை: 2எச் என்றால் பின்சக்கரம் இரண்டும் மட்டும் இழுக்கும், 4எச் என்றால் நான்கும் இழுக்கும், 4எச்எல்சி என்றால் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டி நான்கும், 4எல்எல்சி என்றால் அதுவே மெதுவான கியரில். 4எச்-இல் தார்ச்சாலையிலேயே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கலாம். வண்டி இழுத்துப் பிடித்தால், முன்னச்சையும் பின்னச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அந்த நடு டிஃபரென்ஷியலில் கோளாறு. எல்சி நிலைகள் இரண்டையும் சரளையிலோ ஈரப் புல்லிலோ மட்டும் போடுங்கள், காய்ந்த தாரில் போட்டால் நீங்களே உடைத்தவர் ஆவீர்கள். டாஷ்போர்டில் சக்கர விளக்குகள் எரிந்து நிலைக்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் முன் அச்சு சேரவில்லை. பல நேரம் அச்சைச் சேர்க்க உதவும் வேக்கம் ஹோஸ் என்ற சின்ன ரப்பர் குழாய்தான் வெடித்திருக்கும், சில்லறைச் செலவு. ஆனால் அதைச் சொல்லாமல் விலை பேசுங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் மரவேலைக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். மெத்தையைத் தூக்கி ஒட்டுப்பலகையை அமுக்கிப் பாருங்கள், ஊறியிருந்தால் கூரை ஒழுகுகிறது. இரண்டாவது பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இருவரும் கட்டிலில் படுத்தே பாருங்கள். என் கால் நான்கு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கழிப்பறை வசதிச் சான்று (செல்ஃப் கன்டெயின்மென்ட்) உண்டு என்று சொன்னால், 2023 சட்டப்படியான பச்சை அட்டையா என்று கேளுங்கள். புது விதியில் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும், தூக்கி வைக்கிற டப்பா செல்லாது.

வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். டபிள்யூஓஎஃப் என்ற சாலைத் தகுதிச் சான்று ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கடைசியாக, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஆர்யூசி சீட்டு. டீசல் வண்டிக்கு ஓடும் தூரத்துக்கு வரி, நான் வாங்கியபோது 1,000 கி.மீ.க்கு 76 டாலர். பழைய பாக்கி வண்டியோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். இரண்டாவது வண்டியில், எதுவரை வரி கட்டியிருக்கிறது என்று சீட்டில் இருந்த எண்ணை மீட்டர் 6,000 கி.மீ. தாண்டியிருந்தது, அதாவது 456 டாலர். விரலால் சீட்டையும் மீட்டரையும் மாறிமாறிக் காட்டினேன். விற்றவர் சிரித்துக்கொண்டே 500 குறைத்தார்.