விழப்போகும் பால் பல்லில் சொத்தை வந்தால் அடைக்கத்தான் வேண்டுமா?

நான்கு வயதுக் குழந்தையின் கடைவாய்ப் பல் சொத்தைக்குச் செலவு செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும்; கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயது வரை வேலை செய்ய வேண்டியவை. அவற்றின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேல் உறை, மெல்லியது. சொத்தை விரைவிலேயே உள்ளிருக்கும் நரம்பைத் தொட்டுவிடும். வலி பொறுக்காமல் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடமிருக்காது.

மிட்டாயை எல்லோரும் திட்டுகிறோம். இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் சர்க்கரை பல்லிலேயே தங்குகிறது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்குகிறது என்று கொள்ளலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் பல் முளைத்ததுமே துலக்கத் தொடங்க வேண்டும். 3 வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்கினால் கம்பெனிக்குத்தான் லாபம். 7, 8 வயது வரை நீங்களே துலக்கிவிடுங்கள். இன்னொன்று: 6 வயதில் வரிசையின் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால் பல் என்றே விட்டுவிடுகிறார்கள்.