பாஸ்போர்ட் இருக்கட்டும், முதலில் பூட்ஸை மாற்றுங்கள்

கேள்வி: என் பிறந்த ஊர் கடலூர் முதுநகர். கல்யாணமாகி வந்தது புதுச்சேரி. மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர். மாமியார் துலோன் ஊர்ப் பிரெஞ்சுப் பெண்மணி. கணவருக்கும் மகனுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், எனக்கு இந்திய பாஸ்போர்ட். மகன் புதுச்சேரியில் பிறந்தவன். வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறான். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கிற ஓசிஐ கார்டைச் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டோம். உப்பளம் மைதானத்தில் கால்பந்து ஆடுகிறான், லெஃப்ட் விங். தொழில்முறையாக ஆடுகிற அளவுக்குத் திறமை இருக்கிறது என்று கோச் சொல்கிறார். இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, எம்பாப்பே பயின்ற பிரெஞ்சுக் கால்பந்துப் பயிற்சி மையமான கிளேர்ஃபோன்தேனில் டிரையல் வாங்கித் தருவதாக 4 லட்சம் கேட்கிறார். என் தம்பியோ, "இந்தியாவுக்கு ஆடணும்னா பிரெஞ்சு பாஸ்போர்ட்ட இப்பவே விட்டுடுக்கா" என்கிறான். அதைக் கேட்டால் கணவர் இரண்டு நாள் பேசுவதில்லை. மைதானத்தில் பையன்கள் மகனை "வெள்ள" என்று கூப்பிடுகிறார்கள். லீவுக்குப் பாரிஸ் பக்கத்து சார்செல்லில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அங்கே "இந்து" என்றார்களாம். "நான் எந்த டீம்மா?" என்று ராத்திரியில் கேட்கிறான். என்ன செய்யட்டும்? அவன் மைதானத்தில் நிற்கும் போட்டோ ஒன்றும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 4 லட்சம். கொடுக்காதீர்கள். முன்பணம் என்று பத்தாயிரம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கிளேர்ஃபோன்தேன் விஷயத்திலேயே அவர் குட்டு உடைந்துவிடுகிறது. அங்கே பாரிஸ் வட்டாரப் பையன்களை 13 வயதில் எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, 15 வயதில் கிளப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் பையனுக்கு 16. அப்புறம், வீரனைத் தேடுகிற தொழில்முறை கிளப் அவனிடம் காசு கேட்காது. ஏஜென்டாக இருக்க ஃபிஃபா லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்திலேயே இருக்கிறது. 18 நிரம்பாத பையனை அணுக வேண்டுமானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டதாக எழுதவில்லை. "லைசென்ஸ் நம்பர் அனுப்புங்க சார்" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்து மைதானங்களில் விசில் ஊதியவன். கடலூர்ப் பக்கத்து அப்பா ஒருவர் ஒன்றரைக் காணியை அடகு வைத்துப் பையனை வெளிநாட்டு டிரையலுக்கு அனுப்பினார். வாடகை மைதானம் ஒன்றில் இரண்டு நாள், யார் யாரென்றே தெரியாத இருபது பேரோடு ஆடவிட்டார்கள். மூன்றாம் நாள் போன் எடுக்க ஆளில்லை. பையன் திரும்பி வந்து, ஆறு மாதம் பந்தைத் தொடவே இல்லை. பணத்தைவிட எனக்கு அதுதான் வலித்தது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் இருப்பதால் அவன் நேராகப் போய் அங்கே கிளப்பில் சேர்ந்துவிடலாம் என்று உங்கள் கணவர் நினைக்கலாம். அவ்வளவு நேராக இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதை ஃபிஃபா பொதுவாகத் தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு. கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்து போவது அவற்றில் ஒன்று. விலக்கு கேட்டு மனுப் போட வேண்டியது கிளப்பும் அந்த நாட்டுச் சம்மேளனமும்தான், நடுவில் நிற்கிற ஆள் இல்லை. ஆகவே நாளைக்கே கோச்சிடம் ஒன்று கேளுங்கள்: பையன் ஏதாவது கிளப் பெயரில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் சிஆர்எஸ் என்ற ஆட்டக்காரர் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறானா? பதிவாகியிருந்தால் பிரான்ஸில் சேரும்போது ஐடிசி என்ற மாற்றுச் சான்றிதழ் இங்கிருந்து போயாக வேண்டும். எந்தக் கிளப், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிற்காலத்தில் பெரிய கிளப் எடுத்தால், 12 வயதிலிருந்து பயிற்சி கொடுத்த கிளப்புக்குப் பங்கு போவதும் இந்தப் பதிவை வைத்துத்தான்.

சரி, வீட்டுச் சண்டைக்கு வருவோம்.

உங்கள் மாமனார் காலத்தில் கெடு இருந்தது. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை என்று பிரிந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! உங்கள் கணவரின் கோபத்தில் அந்தக் காலத்து பயமும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உங்கள் பையனுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரும் ஓடுகிறீர்கள்.

தம்பி சொல்வதில் பாதி சரி. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஓசிஐ கார்டு குடியுரிமை ஆகாது. இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் இந்திய அணிக்கு ஆட முடியாது. தவறு "இப்பவே" என்பதில்தான். ஓசிஐ கார்டுதாரர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, கார்டு பதிவாகி 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், வயதும் நிரம்பியிருக்க வேண்டும். அதாவது இந்த வழியில் 18 வரை தம்பி நினைத்தாலும் நடக்காது.

இந்த வழியில் போனவர்களைப் பாருங்கள். இசுமி அராட்டாவின் அப்பா இந்தியர், அம்மா ஜப்பானியர். இந்தியக் கிளப்புகளில் வருடக் கணக்கில் ஆடிய பிறகுதான் 2012-இல் ஜப்பான் குடியுரிமையை விட்டு இந்தியரானார். மறு வருடம் இந்திய அணியில் ஆடியபோது அவருக்கு முப்பது வயது. ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அம்மா வழி மும்பை. இங்கிலாந்தில் பல கிளப்புகளைப் பார்த்துவிட்டு 2023-இல் பெங்களூரு அணிக்கு வந்தார். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டைத் துறந்து 2025-இல் இந்தியரானபோது அவருக்கும் முப்பது தாண்டியிருந்தது. மைக்கேல் சோப்ரா நியூகாசிலில் பிறந்தவர், அப்பா இந்திய வம்சாவளி. இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டார், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் குறுக்கே நின்றது. ஆனாலும் நியூகாசில், சண்டர்லாந்து, கார்டிஃப் என்று ஆடிவிட்டு 2014-இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் வந்து ஆடினார். மூன்று பேருமே முதலில் ஆட்டக்காரர்கள் ஆனார்கள். பாஸ்போர்ட் பேச்சு அப்புறம்தான் வந்தது. முப்பது வரை காத்திருந்தால் நல்ல வருடங்கள் போய்விடுமே என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்காகப் பதினாறில் முடிவெடுக்க வேண்டியதில்லை, இருபதில் பேசலாம்.

யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் கால்பந்து ஆடி வயிற்றைக் கழுவியவர்களில் பெரும்பாலோர் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் சம்பளத்தில் கழுவவில்லை. ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனவர்கள் அவர்கள். உங்கள் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசனையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள ஆட்டக்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரானவர். முட்டி போனாலும் மாதச் சம்பளம் போகாது. ஓசிஐ கார்டுக்காரருக்கு அரசு வேலை கிடையாது. ஆக, பாஸ்போர்ட் கேள்வி உங்கள் வீட்டில் இந்திய ஜெர்சியைப் பற்றிய கேள்வி என்பதைவிட, இருபத்தெட்டு வயதில் காயம் பட்டால் என்ன சாப்பிடுவான் என்கிற கேள்வி. தம்பியும் கணவரும் சண்டை போடுவதென்றால் இதற்குப் போடட்டும். இங்கே கிளப்புகளிலும் இந்திய பாஸ்போர்ட் இல்லாதவரை வெளிநாட்டு ஆட்டக்காரர் கணக்கில் வைப்பது பழக்கம். அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று கால்பந்துச் சங்கத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பிளஸ் டூ முடிக்கட்டும். அதற்குள் 18 நெருங்கிவிடும். பிறகு விருப்பமிருந்தால் பிரான்ஸில் கல்லூரியில் சேரட்டும், சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கே வட்டார லீகில் ஆடுகிற அமெச்சூர் கிளப்புகள் ஏராளம். அதில் ஒன்றில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆடினால், இரண்டே சீசனில் தன் தரம் என்ன என்று அவனுக்கே தெரிந்துவிடும். அந்த வழியில் மேலே போனவர்கள் இல்லாமல் இல்லை. மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்த கான்டேயை எந்த அகாடமியும் எடுக்கவில்லை. குள்ளம் என்றார்கள். புறநகர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர் 19 வயதில்தான் பூலோன் அணிக்குப் போனார். 2016-இல் லெஸ்டரோடு இங்கிலாந்து சாம்பியன், 2018-இல் உலகக் கோப்பை. எல்லாருக்கும் அப்படி நடக்காது என்பது எனக்கும் தெரியும். நடக்காவிட்டாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். அங்கே சரிப்படவில்லை, இங்கே ஆட வேண்டும் என்றால் திரும்பி வரலாம், அந்த 12 மாதக் கணக்கும் அப்போது தொடங்கும். பிரெஞ்சுக் குடியுரிமையை ஒருமுறை விட்டால் திரும்பப் பெறுவது சுலபமில்லை. அதனால்தான் அதைக் கடைசியாக வைக்கச் சொல்கிறேன்.

"வெள்ள" விஷயம். நம் ஊர் மைதானத்தில் எல்லாருக்கும் ஒரு பேர் உண்டு. குண்டு, கருவாடு, சோடாபுட்டி. "வெள்ள, பாஸ் குடு" என்று கத்துகிறவன் அவனை அணியில் ஒருவனாக நினைக்கிறான் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதே சொல்லோடு, கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளை இழிவாகச் சொல்கிற "சட்டைக்காரப் பய" என்றோ உங்களைப் பற்றியோ பேச்சு நீண்டால் அது வேறு. நான் ஊதிய ஒரு ஆட்டத்தில் அப்படிப் பேசிய பையனுக்கு நேராகச் சிவப்பு அட்டைதான் காட்டினேன். அவன் கோச் என்னோடு இன்று வரை பேசுவதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உங்கள் பையனுக்குத்தான் தெரியும். எது வலிக்கிறது என்று அவனையே கேளுங்கள்.

"நான் எந்த டீம்" என்று கேட்டால், விகாஷ் தொரசூவைப் பற்றிச் சொல்லுங்கள். மொரீஷியஸ் வழியாகப் போன இந்திய வம்சாவளிக் குடும்பம், பிறந்தது பிரான்ஸில் அர்ஃப்ளரில். லியோனோடு இரண்டு முறை லீக் பட்டம், அப்புறம் ஏசி மிலான். 2006-இல் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் மார்செய் அணிக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்து கோல் போட்டார். அதே வருடம் உலகக் கோப்பைக்கும் போனார். ஆனால் அங்கே இரண்டு ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடம் மட்டும்தான் இறக்கினார்கள். மீதி நேரமெல்லாம் பெஞ்ச். பிரெஞ்சு ஜெர்சியே போட்டிருந்தாலும் உட்கார வைக்கிறவர்கள் உட்கார வைப்பார்கள் என்று பையனிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பூட்ஸின் முனை வாய் பிளந்திருக்கிறது, வலது புத்தம் புதிதாக இருக்கிறது. இடது காலை மட்டுமே நம்பி ஆடுகிறான் என்று அர்த்தம். உப்பளத்தில் நாலு மணிக்கு மேல் கடற்காற்று ஏறும்போது இடதுகால் கிராஸ் எல்லாம் எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும். தினமும் அரை மணி வலது காலால் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். மிச்சப்பட்ட அந்த 4 லட்சத்திலிருந்து இரண்டாயிரமோ மூவாயிரமோ எடுத்து ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். வளர்கிற பையனாயிற்றே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். கால் உள்ளே வழுக்கி, திரும்பும்போது கணுக்கால் மடங்கும். சாயங்காலமாக, ஆடும்போது போடுகிற சாக்ஸோடு போய் அளவு பாருங்கள்.