ஊரின் மானமும் சட்டத்தின் கையும்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு மனுத் தயாரித்திருக்கிறோம். கசிப்பு எனும் கள்ளச்சாராயம் காய்ச்சுவோருக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்பது முதற் கோரிக்கை. திருமணத்தைப் பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்வோருக்குக் கிராம அபிவிருத்திச் சங்கம் தண்டப்பணம் விதிக்கச் சட்டம் இடங்கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் காலத்தில், இலங்கையின் வடக்கிலுள்ள நம் வன்னியில் சீதனம் கேட்கப் பயந்தார்கள்; பெண்பிள்ளைகள் இரவிலும் தனியே சைக்கிளில் போய்வந்தார்கள். அந்த ஒழுங்கு சட்டத்தால்தான் வந்தது. ஒழுக்கத்தில் சட்டம் தலையிடக்கூடாது என்று எழுதும் நீங்கள், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை மட்டும் ஆதரிப்பது எப்படி? அதுவும் ஒரு சாராரின் அறநம்பிக்கையை மற்றவர்கள் மேல் சுமத்தியதுதானே? மனுவில் உங்கள் கையொப்பத்தையும் எதிர்பார்க்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், புதுக்குடியிருப்பு

அன்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

1957ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். சாதியைக் காட்டி ஒருவரைக் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் விடாமல் தடுப்பதை அந்தச் சட்டம் குற்றமாக்கியது. தடுத்தவர் தம் மனத்தில் என்ன நம்பினார் என்று அது கேட்கவில்லை. வாசலில் மறிக்கப்பட்ட மனிதர் ஒருவர் இருந்தார், அவர் முறையிட்டார், அவருக்காகச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே நுழையும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஆகவே ஒழுக்கம் சார்ந்த எந்தச் சட்டத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, அங்கே பாதிக்கப்பட்டு முறைப்பாடு செய்பவர் யார் என்பதைத்தான். கசிப்பு விடயத்தில் அவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்: கூலிக்காசு வீடு வந்து சேராமல், அடியும் வாங்கிக்கொண்டு, மாதர் சங்கத்தில் வந்து அழுகின்ற பெண். உங்கள் இரண்டாவது கோரிக்கையில் அப்படி யாரும் இல்லை. ஊரின் மானம் என்ற ஒன்றே அங்கே முறைப்பாட்டாளராக நிற்கிறது.

வன்னியில் பதிவில்லாமல் வாழ்பவர்கள் யார் என்று அந்தக் கூட்டத்தில் எவரும் கேட்கவில்லையா? அவர்களுள் கணவர் காணாமற்போன பெண்கள் இருக்கிறார்கள். அப்படியான ஒரு பெண் மறுமணத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் கணவருக்கு மரணச் சான்றிதழ் பெற வேண்டும். காணாமற்போனோருக்கு அதை வழங்க 2010இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தபோது, உயிரோடு இருக்கக்கூடிய மனிதரை இறந்தவர் என்று எழுதிக் கையொப்பமிடப் பல பெண்கள் மறுத்தார்கள். ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் 2016இல் வந்தது. அது மறுமணத்துக்கு வழிவிடவில்லை. மற்ற வழி விவாகரத்து. அதற்கு நமது சட்டம் ஏற்கும் காரணங்களோ பிறருடன் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண வேளையிலேயே இருந்த தாம்பத்திய இயலாமை என்ற மூன்றுதான். 2009 இறுதி யுத்தத்தில் படையினரிடம் தன் கையாலேயே ஒப்படைத்த கணவரை இவற்றுள் எதில் அடக்கி அவள் வழக்குப் போடுவாள்? பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, பிள்ளைகளை வளர்க்கத் துணையாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டவளிடம்தான் உங்கள் சங்கம் தண்டப்பணத்துக்குப் போய் நிற்கும்.

நீங்கள் சொல்லும் அந்தக் காலத்தில் நானும் இங்கேதான் வாழ்ந்தேன். இரவுப் பயணத்தின் பாதுகாப்பு உண்மை. சீதனத்துக்கு எதிரான சட்டம் பெண்களின் பக்கம் நின்றது என்பதும் உண்மை. ஆயினும் 2009க்குப் பின் சீதனம் எவ்வளவு விரைவாகத் திரும்பி வந்தது என்பதை இருவரும் பார்த்தோம். அந்த ஒழுங்கின் பெரும்பகுதி, கேள்வி கேட்க இடமில்லாத ஓர் அதிகாரத்தின் மேலிருந்த அச்சம். அதே அதிகாரம் ஆட்சேர்ப்புக்கு வீடு வீடாக வந்தபோது, பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், பதினெட்டு நிரம்பாதவர்களுக்கும் அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தோம். வயது போதாமையால் எழுதப்படாத அந்தக் கலியாணங்களும் இன்று உங்கள் மனுவின் கண்ணில் குற்றமாகின்றன.

ஒரு காலத்தின் ஒழுக்க நம்பிக்கையைச் சட்டமாக எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையே சாட்சி. 1707இல் ஒல்லாந்தர் அதைத் தொகுத்தபோது முதலியார் பதவியிலிருந்த பன்னிரண்டு தமிழர்கள் படித்துப் பார்த்துச் சரியென்றார்கள். அதில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அன்றைய பெரியவர்களுக்கு அதுவும் ஒழுக்கமாகவே தெரிந்தது. அடிமைமுறை சட்டத்திலிருந்து போய்விட்டது. மனைவி கணவரின் பொறுப்பில் இருப்பவள் என்ற எண்ணமோ இன்னும் இருக்கிறது: 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவர் எங்கே என்றே தெரியாத பெண், தன் தாய் தந்த காணிக்காக மாவட்ட நீதிமன்றத்தில் போய் அனுமதி கேட்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் ஒருபாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளையும் நான் எதிர்க்கிறேன். வளர்ந்த இருவர் மனமொத்துச் சேர்வதில் முறையிட எவருமில்லை. 1883இல் எழுதப்பட்ட அந்தக் கோவையின் இப்பிரிவுகள் ஒருபாலுறவினரை மிரட்டுவதற்கே இன்றும் பயன்படுகின்றன.

மனுவை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். கசிப்புக்கு எதிரானதில் நான் கையொப்பமிடுகிறேன். மாதர் சங்கத்தினரையும் கையொப்பமிடச் சொல்லுங்கள். மற்றதில் என் பெயர் வேண்டாம். அந்த இடத்தில், காணி விற்கக் கணவரின் சம்மதம் கேட்கும் விதியை நீக்கவும், காணாமற்போனோரின் மனைவியர் மரணச் சான்றிதழ் இல்லாமலே மறுமணத்தைப் பதிவு செய்ய வழி செய்யவும் ஒரு கோரிக்கை எழுத உங்கள் கூட்டம் இசையுமானால், அதை வரைந்து தரவும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கையொப்பம் சேர்க்கவும் நான் வருகிறேன்.