வெள்ளிப் பூச்சுக் குழாய் வாங்கலாமா?

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அப்பாவுக்கு (வயது 74) சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். வெள்ளிப் பூச்சுள்ள குழாய் போட்டால் கிருமியே அண்டாது என்கிறார் உறவினர் ஒருவர். விலையோ அதிகம். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா, சிஸ்டர்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணம் அப்பாவின் சாப்பாட்டுக்கும் பிசியோதெரபிக்கும் ஆகட்டும்.

வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அதில் பொய் இல்லை. ஆனால் நோயாளியின் உடம்புக்குள் அது எவ்வளவு உதவுகிறது? பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில், குறுகிய காலத்துக்குக் குழாய் போட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து, 2012-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் குழாய் போட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. வெள்ளிக் குழாய் போட்டவர்களில் 12.5 சதவீதம்.

எந்தக் குழாயானாலும் கிருமிகள் அதன் சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. அதனால் நாளைக் குறைப்பதுதான் வழி. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, “அப்பாவுக்கு இன்றைக்கும் குழாய் தேவையா?” என்று கேளுங்கள். தினமும் கேளுங்கள். தேவை முடிந்த பிறகும் யாரும் கவனிக்காமல் குழாய் கிடப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அடுத்தது, குழாயிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பை. நான் வார்டில் அதிகம் வாதாடியது இதற்காகத்தான். நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போது, தூக்கிவிடுகிற அவசரத்தில் பையை எடுத்து அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிடுவார்கள். பையில் தேங்கிய சிறுநீர் குழாய் வழியே திரும்பச் சிறுநீர்ப்பைக்கு ஓடும். ஸ்ட்ரெச்சரிலும் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக்கூடாது. முழுதாக நிரம்பும்வரை விடாதீர்கள். காலி செய்யும்போது பையின் வாய் குவளையில் படக்கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரரின் குவளையை வாங்கவே வாங்காதீர்கள். ஒருவரின் கிருமி இன்னொருவருக்குப் போக அதுவே போதும். பையைத் தொடும் முன்பும் பின்பும் கை சுத்தம் முக்கியம். கட்டிலருகே இருக்கும் கைதேய்ப்புத் திரவத்தை 20 முதல் 30 விநாடி, விரலிடுக்கும் கட்டைவிரலும் விடாமல் தேயுங்கள். கையுறை போட்டால் கை சுத்தம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலிலிருந்து வருபவரிடம், “கையுறை மாற்றிவிட்டுத் தொடுங்கள் சிஸ்டர்” என்று தன்மையாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

குழாய் நுழையும் இடத்தில் கிருமிநாசினி தடவ வேண்டியதில்லை. அன்றாடம் சோப்பும் தண்ணீரும் போதும். குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைப் பிரிக்காதீர்கள். சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருப்பதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கேட்கவும் வேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர் மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழாயை எடுத்த பிறகு சில மணி நேரமாகியும் சிறுநீர் பிரியவில்லை என்றாலோ அடிவயிறு உப்பினாலோ, காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் அப்போதே வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.