புது காருக்கு பிபிஎஃப் ஒட்டணுமா? தொப்பூர் தாண்டி வடக்கே இருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இருபது வருடத்துக்கு மேல் பெயிண்ட் பூத்துக்குள் நின்றவன் நான். முதலில் கிருஷ்ணகிரியில் ஒரு பாடி ஷாப்பில் வேலை, இப்போது தர்மபுரியில் சொந்தமாக டிங்கரிங், பெயிண்டிங். பிலிம் ஒட்டும் தொழில் எனக்குக் கிடையாது. நீங்கள் ஒட்டாமல் விட்டால்தான் பின்னால் எனக்கு வேலை வரும், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பிபிஎஃப் என்று சொல்லும், கார்மேல் ஒட்டும் அந்தக் கண்ணாடி மாதிரியான பெயிண்ட் பாதுகாப்பு பிலிமைப் பற்றி வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

அண்ணா, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். வெள்ளை நெக்ஸான், எடுத்து பத்து நாள். ஷோரூமில் செராமிக் கோட்டிங் போதும் என்கிறார்கள், வெளியே கேட்டால் பிபிஎஃப்தான் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை தம்பி. செராமிக் சட்டைக்குப் போட்ட கஞ்சி, பிபிஎஃப் சட்டைக்கு மேலே மாட்டிய ஜெர்கின்.

கணக்கு பாருங்கள். கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான், அதைவிட மெல்லிசு. செராமிக் அதன்மேல் ஓரிரு மைக்ரான் சேர்க்கும். பளபளப்பு வரும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், தூசி லேசாகக் கழுவிப் போகும். கல் வந்தால் அது ஒன்றும் செய்யாது. பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள யூரித்தேன் பிளாஸ்டிக். ரப்பர் மாதிரி அமுங்கி, கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும்.

நீங்கள் போகும் என்.எச். 44-இல் சூளகிரிப் பக்கம் கிரஷர் ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாய் கட்டாத டிப்பருக்குப் பின்னால் 100-இல் போனால், 60-இல் போவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு மோதும் ஆற்றல் அந்தக் கல்லுக்கு. ஒரு வருடம் ஓடிய காரின் பானட்டைச் சாய்ந்த வெயிலில் குனிந்து பார்த்தால் தெரியும். ஊசி குத்தின மாதிரி குழி, சுற்றிலும் வெளுத்த வளையம், நடுவில் சாம்பல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பிரைமரையும் தாண்டியிருந்தால் நடுவில் பழுப்பு. அது துரு. பம்பரில் பட்டால் பரவாயில்லை, அது பிளாஸ்டிக். பானட் தகரம்.

உங்களுக்கு முன்பக்கம் மட்டும் ஒட்டுங்கள் என்பேன். பம்பர், பானட், இரண்டு பெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு), சைடு மிரர் மூடி, ஹெட்லைட், கூரையின் முன் விளிம்பு. கதவுக்கும் டிக்கிக்கும் கல் வருவது குறைவு, அங்கே காசு போடாதீர்கள்.

எனக்கு பாலக்கோட்டில் தக்காளி மண்டி. கார் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே, மாதம் இரண்டு தடவை தர்மபுரி, அவ்வளவுதான். மகன் முழுக் காருக்கும் ஒட்டணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

மகனிடம் நான் வேண்டாம் என்றேன் என்று சொல்லுங்கள். நல்ல பிலிம் முழு காருக்கும் ஒட்டினால் காரின் அளவைப் பொறுத்து 70 ஆயிரத்தில் தொடங்கி ஒன்றரை லட்சம் வரை போகும். முன்பக்கம் மட்டும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் ஓட்டத்துக்கு அதுகூட அதிகம். மண்டியில் கூடை இடித்து வரும் கோடு கதவில்தான் வரும், அதற்கு என் மாதிரி ஆளிடம் வந்து அந்த ஒரு கதவை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.

மகன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கம்பெனியில் வெறும் பாடியை சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். நாங்கள் வயர், பிளாஸ்டிக், சீட் எல்லாம் உள்ளே இருக்க 60 டிகிரி சுற்றி வைக்கிறோம். என் கையால் அடித்ததையே சொல்கிறேன், அந்தக் கடினம் எங்களுக்கு வராது. ஒரிஜினல் பெயிண்டைக் காப்பாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் கல்லே வராத காருக்கு எதிலிருந்து காப்பாற்றுவது?

சந்தூர். வீட்டு வாசலில் மாமரம், கார் நிற்க வேறு இடம் இல்லை. சீசனில் மாங்காய்ப் பால் சொட்டிச் சொட்டி பானட் பூராவும் தடம். பிபிஎஃப் இதைத் தாங்குமா?

கையில் பட்டாலே புண்ணாக்கும் பால் அது, பெயிண்டை விடுமா? என்னிடம் வந்த ஒரு சிவப்பு காரில் ஒவ்வொரு சொட்டும் கண்ணீர் வடிந்த மாதிரி கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்திருந்தது. துடைத்த பிறகும் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. கிளியர் கோட்டைத் தின்றிருந்தது. இரண்டு நாள் வெயிலில் காய விட்டதன் விளைவு.

பிலிம் இருந்தால் அந்தத் தடம் பெயிண்டுக்குப் பதிலாகப் பிலிமில் விழும். பிலிமையும் கறையாக்கும், ஆனால் பிலிமை உரித்து அந்த ஒரு பகுதியை மாற்றலாம். பறவை எச்சத்துக்கும் இதே கதை. எது இருந்தாலும் அன்றன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள், காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உங்களுக்கு என் முதல் யோசனை நாலு கம்பி நட்டு ஒரு தகர ஷீட். முன்பக்கப் பிலிமைவிடச் செலவு குறைவு.

அரூர். கீறினால் தானாகவே ஆறிவிடும் என்று வீடியோவில் பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டுகிறார்களே அண்ணா, உண்மையா?

உண்மைதான் தங்கச்சி, ஆனால் வீடியோ காட்டுகிற அளவுக்குத்தான். பிலிமின் மேல் தோலில் விழும் மெல்லிய கோடுகள், துணியால் துடைத்து வரும் சிலந்திவலைக் கோடுகள், சூட்டில் மறையும். நம் ஊர் சித்திரை வெயிலில் பானட்டே தோசைக்கல், தனியாகச் சூடு வேண்டாம். சாவியால் இழுத்த கீறல், பிலிம் கிழிந்த இடம் ஆறாது.

இரண்டு வருடத்தில் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே? என் கார் வெள்ளை.

அது பெரும்பாலும் பிவிசி கலந்த மலிவுப் பிலிம். கடையில் டிபிஎச் என்று ஒரு பெயர் சொல்வார்கள், டிபியு மாதிரியே காதில் விழும். டிபியு என்பதுதான் நான் மேலே சொன்ன யூரித்தேன் பிளாஸ்டிக், டிபிஎச் அந்த பிவிசி வகை. டிபியுதானா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெட்டி எறிந்த துண்டை எடுத்து இழுத்துப் பாருங்கள், டிபியு ரப்பர் பேண்டு போல நீண்டு திரும்பச் சுருங்கும். டிபியுவும் வருடங்கள் போனால் லேசாகப் பழுக்கும். வெள்ளை காரில் அது முதலில் தெரியும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் பில்லோடு சேர்த்துவிட்டார்கள்.

எடுக்கச் சொல்லுங்கள். சில மாதத்தில் கழுவிப் போகும் பாலிஷ் அது.

காரிமங்கலம். டெலிவரிக்கு முன்பே ஒரு பெண்டரை ரீபெயிண்ட் செய்திருப்பார்களோ என்று சந்தேகம். அதன்மேல் ஒட்டலாமா?

நல்ல கேள்வி. யார்டில் உரசிய காரை அடித்துக் கொடுப்பது நடக்காத விஷயம் இல்லை. தடிமன் அளக்கும் மீட்டர் பிலிம் கடைகளிலும் எங்களிடமும் இருக்கும். எல்லா இடத்திலும் 110, 120 காட்டி அந்தப் பெண்டரில் மட்டும் 250 காட்டினால் விஷயம் தெரிந்துவிடும். கம்பெனி பெயிண்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே ஒட்டலாம். வெளியில் அடித்தது என்றால் அதிலுள்ள கரைப்பான் வெளியேற ஒரு மாதமாவது விடுங்கள். அப்புறம் ஒட்டினாலும், நாளை பிலிமை உரிக்கும்போது ரீபெயிண்ட் கூடவே உரிந்து வரக்கூடும். ஒட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெங்களூரு போய் ஒட்டுவதா, பக்கத்திலேயே ஒட்டுவதா?

ஊரைப் பார்க்காதீர்கள், கத்தியைப் பாருங்கள். சில கடைகளில் பிலிமைக் கார்மேல் போட்டு பிளேடால் விளிம்பை வெட்டுவார்கள். என் பட்டறைக்கு வந்த ஒரு காரில் பழைய பிலிமை உரித்தபோது பானட் விளிம்பு நெடுக முடி அளவுக்கு நேர்க்கோடு. பிளேடு கிளியர் கோட்டைத் தாண்டி இறங்கி, உள்ளே துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. கல்லிலிருந்து காக்க ஒட்டிய பிலிமே அந்தக் காயத்தை வைத்திருக்கிறது! உரிமையாளருக்கு அதுவரை தெரியாது. அதனால் மாடல் அளவுக்குக் கம்ப்யூட்டரில் வெட்டும் பிளாட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ரோலின் சீரியல் எண்ணை நீங்களே போட்டோ எடுங்கள், வாரண்டியை அங்கேயே பதியச் சொல்லுங்கள். கதவு மூடிய, தூசி இல்லாத அறையா என்றும் எட்டிப் பாருங்கள்.

ஒட்டியதும் சோப்புத் தண்ணீர் குமிழ் தெரிந்தால் பயப்படாதீர்கள், ஓரிரு வாரத்தில் வற்றிவிடும். தூக்கிய விளிம்பைச் சரிசெய்ய ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போக வேண்டும். அதற்குப் பக்கத்துக் கடை சௌகரியம்.

போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு நிற்கிறது. பிலிம் போட்டால் போகுமா?

போகாது. நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு பிலிம்மேலும் திட்டாகும். நிழலில் கழுவி, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் இருக்கும்போது பிலிம் எதற்கு?

நாலு கல் புள்ளிக்கு கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போச்சு. முதல் வருடம் 20 சதவீதம், ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும் தள்ளுபடி அது. இன்னொன்று, பிலிமின் விலையை பாலிசியில் தனியாகச் சேர்க்காவிட்டால் விபத்தில் பெயிண்டுக்குப் பணம் வரும், பிலிமுக்கு வராது.

கலர் மாற்றும் பிபிஎஃப் ஒட்டலாமா?

ஆர்.சி.யில் கலர் மாற்றாமல் ஒட்டினால் செக்கிங்கில் மாட்டுவீர்கள்.

மூன்று வருட ஸ்விஃப்ட், பானட்டில் ஏற்கனவே பதினைந்து புள்ளி. இப்போது ஒட்டினால் மறையுமா?

மறையாது, பிலிமுக்கு அடியில் அப்படியே தெரியும். முதலில் டச்-அப். கதவு இடுக்கிலோ பானட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கலரின் குறியீட்டு எண் இருக்கும், அதைச் சொல்லி சின்ன பாட்டில் வாங்குங்கள். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன், அதைத் தொடாதீர்கள். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துக் குழிக்குள் மட்டும் வையுங்கள், காய்ந்ததும் இன்னொரு துளி. துரு தெரியும் குழியை முதலில் கூர் ஊசியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் பதினைந்தையும் முடித்துவிடலாம்.