வார்சா கெட்டோ எழுச்சி: யார் நினைவில் எது நின்றது? (கேள்வி பதில்)

கேள்வி: வார்சாவில் ஜெர்மானியர் யூதர்களைச் சுவருக்குள் அடைத்துவைத்திருந்த பகுதியான கெட்டோவில், 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கிய எழுச்சியில் போரிட்டவர்கள் எத்தனை பேர்?

பதில்: யூதப் போராட்ட அமைப்பின் தளபதிகளுள் ஒருவரான மாரெக் எடல்மன் 220 பேர் என்றார், அப்போது சுவருக்கு வெளியே ஆயுதம் தேடிக்கொண்டிருந்த இட்சாக் சுக்கர்மன் அதற்கு இரு மடங்குக்கும் மேலாகச் சொன்னார். போருக்குப் பின் சுக்கர்மன் இஸ்ரேலில் கெட்டோ போராளிகளின் கிபுட்ஸை (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பை) நிறுவியவர்களுள் ஒருவரானார். எடல்மன் போலந்திலேயே தங்கி இதய மருத்துவரானார். எந்த நினைவுக்குறிப்பானாலும், அது எந்த ஆண்டில், எந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். 1945-இல் அறிக்கை போல எழுதிய அதே எடல்மன்தான், 1970-களில், எழுச்சியின் தலைமைத் தளபதி அனியெலெவிச்சின் தாய் மீன் விற்றவர் என்றும், விற்காமல் மிஞ்சிய மீன் புதிதாகத் தெரிய மகனைக் கொண்டு செவுளுக்குச் சிவப்புச் சாயம் பூசவைப்பார் என்றும் சொல்லி, தலைவரைச் சிறுமைப்படுத்திவிட்டதாக ஏச்சு வாங்கினார். எனக்கோ, அந்தச் செவுளுக்குப் பிறகுதான் அனியெலெவிச் மனிதராகத் தெரிந்தார்.

கேள்வி: கெட்டோ எரிகையில் வெளியே ராட்டினம் சுற்றியது போலந்துக் கவிஞர் மிவோஷின் கற்பனைதானே?

பதில்: அல்ல. க்ரசின்ஸ்கி சதுக்கத்தில், சுவரை ஒட்டி, ராட்டினம் நின்றதற்குப் புகைப்படம் இருக்கிறது. அது எந்தெந்த நாளில் ஓடியது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மிவோஷ் அதை வெளியிலிருந்து பார்த்து 1943-இலேயே எழுதினார். உள்ளிருந்து பார்த்த எடல்மனுக்கோ, அந்த ராட்டினத்தின் இசையில் தங்கள் போர் யார் காதிலும் விழாமல் போய்விடுமோ என்ற அச்சமே நினைவில் நின்றது.

கேள்வி: அப்படியானால் போலந்து மக்கள் அனைவரும் வேடிக்கை பார்த்தவர்கள்தாமே?

பதில்: ஒரு வரித் தீர்ப்பு என்னிடம் கிடைக்காது. யூதர்களைக் காட்டிக்கொடுப்பதாக மிரட்டிப் பணம் பறித்தவர்களும், மரண தண்டனைக்கு அஞ்சாமல் அடைக்கலம் தந்தவர்களும் அதே தெருக்களில் வாழ்ந்தார்கள். கெட்டோவுக்குள் அனுப்பப்பட்ட தீயணைப்பு வீரர் கிஜிவாசெவ்ஸ்கி, ஜெர்மானியர் கண்ணில் படாமல் படம் எடுத்தார். 1987-இல் இலக்கிய விமர்சகர் யான் புவோன்ஸ்கி, அந்த மிவோஷ் கவிதையிலிருந்தே தொடங்கி, கொலையில் பங்கில்லாவிட்டாலும் அக்கறையின்றி நின்றதற்குப் பொறுப்பு உண்டு என்று எழுதியதும், போர்க்காலத் தலைமறைவு இயக்கத்தில் இருந்த வழக்குரைஞர் சிவா-நோவித்ஸ்கி சினந்து மறுத்தார். 1943-ஐப் பற்றி 1987-இல் நடந்த வாதம் அது. ஆண்டைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: ராட்டினம் உண்மையா?

பதில்: இரண்டு கேள்விகளுக்கு மேலே இருக்கிறது.

கேள்வி: 1942-இலேயே ஏன் எதிர்க்கவில்லை?

பதில்: இன்று இது மூன்றாவது முறை. அவ்வாண்டு ஜூலையில் த்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கிய பிறகுதான் யூதப் போராட்ட அமைப்பே உருவானது. கையில் துப்பாக்கி இல்லை.

கேள்வி: வில்னா கெட்டோவில் என்ன நடந்தது?

பதில்: என் துறை வார்சாவோடு முடிகிறது. லிதுவேனிய வரலாறு அறிந்தவரைக் கேளுங்கள்.