நியூசிலாந்தில் வீடு வாங்கலாமா? முதலில் விசாவைப் பாருங்கள்

சன்னிவேலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "18 வருடமாகக் கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலை. கிரீன் கார்டு வாங்கி 9 வருடம் ஆகிறது, இந்தியக் குடியுரிமையை விடவில்லை. பங்குகளை விற்றால் வரி போக 35 லட்சம் டாலர் தேறும். இங்குள்ள பெரிய முதலாளிகள் நியூசிலாந்தில் இடம் வாங்கி வைக்கிறார்கள். நாங்களும் வனாகா பக்கம் ஒரு வீடு வாங்கிப் போட்டால், நாளைக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தோடு போய்விடலாமா?"

முடியாது. வீட்டுப் பத்திரத்தைக் காட்டினால் அங்கே உள்ளே விட மாட்டார்கள், வசிப்புரிமை விசா வேண்டும். 2020 மார்ச் 19 இரவு நியூசிலாந்து எல்லையை மூடியபோது குடிமக்கள், வசிப்புரிமை பெற்றவர்கள், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தார், இவர்களைத் தவிர அநேகமாக எல்லோரும் வெளியேதான் நின்றார்கள். குடிமக்களே தனிமைப்படுத்தும் ஓட்டலில் அறை கிடைக்காமல் 2021-இல் இணையக் குலுக்கலில் திரும்பத் திரும்பப் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். நீங்கள் பயப்படுகிற அந்த 'ஏதாவது' ஒரு முறை நடந்தே முடிந்துவிட்டது, அதில் கிடைத்த பாடம் இதுதான்.

பேபால் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் தீல் கதையை நம்பி இறங்காதீர்கள். அவர் அந்த நாட்டில் மொத்தமாக 12 நாள்தான் இருந்திருந்தார், 2011-இல் அமைச்சர் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திக் குடியுரிமை கொடுத்தார். 2017-இல் விஷயம் வெளியே வந்ததும் நாடே கொந்தளித்தது. மற்றவர்களுக்கு ஐந்து வருடத்தில் 1,350 நாள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அதிலும் ஒவ்வொரு வருடமும் குறைந்தது 240 நாள். அவர் வனாகா ஏரிக்கரையில் 193 ஹெக்டேர் வாங்கினார். அங்கே கட்ட நினைத்த விடுதிக்கு, நிலத்தோற்றம் கெடும் என்று 2022-இல் உள்ளூர் கவுன்சில் அனுமதி மறுத்துவிட்டது. கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜ் 2021-இல் வசிப்புரிமை வாங்கியது முதலீட்டாளர் விசாவில். அப்போது அதற்கு 1 கோடி நியூசிலாந்து டாலர் போட வேண்டும்.

அந்த விசாவின் இன்றைய வடிவம் 2025 ஏப்ரலில் தளர்த்தப்பட்டது. நிறுவனங்களிலோ அங்கீகரித்த நிதிகளிலோ 50 லட்சம் நியூசிலாந்து டாலரை மூன்று வருடம் போட்டு, அந்தக் காலத்தில் 21 நாள் அங்கே இருந்தால் போதும். கடன் பத்திரம் போன்ற பாதுகாப்பான முதலீடும் கலந்தது வேண்டுமென்றால் 1 கோடி, ஐந்து வருடம், 105 நாள். மனைவியும் 24 வயது வரையுள்ள சார்ந்திருக்கும் பிள்ளைகளும் அதே விண்ணப்பத்தில் வரலாம். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் 50 லட்சம் என்றால் ஏறக்குறைய 30 லட்சம் அமெரிக்க டாலர், அதாவது உங்கள் சேமிப்பில் ஏழில் ஆறு பங்கு, அதையும் மூன்று வருடம் தொட முடியாது. வீட்டுக்கு என்ன மிஞ்சும்? 2018 அக்டோபரில் இருந்து வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்கத் தடை இருக்கிறது, ஆஸ்திரேலியருக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் மட்டும் விலக்கு. இந்த முதலீட்டாளர்களுக்கு ஒரு வீடு அனுமதிப்போம் என்று 2025 செப்டம்பரில் அரசு அறிவித்தது, ஆனால் அந்த வீடே 50 லட்சம் நியூசிலாந்து டாலருக்குக் குறையக்கூடாது. இந்த வழி உங்களுக்கானது இல்லை.

வரியில்தான் உங்களைப் போன்றவர்கள் அதிகம் அடி வாங்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கிரீன் கார்டு இருக்கும்வரை உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நியூசிலாந்தின் நிர்வகிக்கப்படும் நிதிகளை அமெரிக்க வரித்துறை பொதுவாக 'செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்' என்ற வகையில் வைக்கிறது, அதற்கு வரியும் கடுமை, வட்டியும் சேரும், ஒவ்வொரு நிதிக்கும் தனிப் படிவம் வேறு. சரி, கிரீன் கார்டையே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், கடந்த 15 வருடத்தில் 8 வருடம் அதை வைத்திருந்து, சொத்தும் 20 லட்சம் டாலருக்கு மேல் இருந்தால், எல்லாவற்றையும் முந்தைய நாளே விற்றுவிட்டதாகக் கணக்கிட்டு வெளியேறும் வரி போடுவார்கள், ஒரு வரம்பு வரை மட்டும் விலக்கு. இந்த இரண்டு நிபந்தனையும் உங்களுக்குப் பொருந்துகிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் நியூசிலாந்தில் இருந்தாலும் அது செல்லாமல் போகலாம். ஆகவே அமெரிக்கக் குடியுரிமை எடுப்பதா வேண்டாமா என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எடுத்தால் இந்தியக் குடியுரிமை போகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான ஓசிஐ அட்டை கிடைக்கும். ஊரில் விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது என்பது வெளிநாட்டில் வாழும் உங்களுக்கு இப்போதும் உள்ளதுதான்.

நியூசிலாந்து தன் பங்குக்குப் புதிதாக வருபவர்களின் பெரும்பாலான வெளிநாட்டு வருமானத்துக்கு நான்கு வருடம் வரி விலக்கு தருகிறது. அங்கே உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்து வாங்கும் சம்பளம் அதில் வராது. இதைத் தெரியாமல் போனவர்கள் நிறைய.

உங்களுக்குப் பொருந்துவது வேலை வழி. மென்பொருள் பொறியாளர் வேலை, ஆள் தட்டுப்பாடுள்ள வேலைகளுக்காக அவர்கள் வைத்திருக்கும் 'பசுமைப் பட்டியலில்' இருக்கிறது. வயது 55-ஐத் தாண்டாமல், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வேலை கிடைத்தால் நேராக வசிப்புரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் அங்கே குடியிருந்து, அதில் 183 நாள் நாட்டுக்குள் இருந்து, வரியும் அங்கேயே கட்டுகிறவர் என்று ஆகிவிட்டால் வீடு வாங்கவும் தடையில்லை. முப்பது லட்சத்தை முடக்காமல் அதே கதவு திறக்கிறது, நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், வனாகாவை ஜனவரி வெயிலில் பார்த்து மயங்காதீர்கள். அங்கே குளிர்காலமான ஜூலையில் இரண்டு வாரம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். பழைய வீடுகளில் குளிர் எலும்பைத் தொடும், காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே நீர் கோத்து வழியும், பழைய துண்டால் துடைத்துவிட்டுத்தான் காபிக்கே போவீர்கள். பெரிய மருத்துவமனை என்றால் மலைச்சாலையில் மூன்றரை மணி நேரம் தள்ளி டனீடன். ஆல்பைன் நிலப்பிளவும் அதே மலைத்தொடரில்தான் ஓடுகிறது, அடுத்த 50 வருடத்தில் அது பெரிதாக அசைய 75 சதவீத வாய்ப்பு என்கிறார்கள் அந்நாட்டு நிலவியலாளர்கள்.

யாரிடமாவது பணம் கட்டும் முன் அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். நியூசிலாந்து குடியேற்ற ஆலோசனை சொல்ல, உலகின் எந்த மூலையில் இருந்தாலும், அந்த நாட்டு உரிமம் வேண்டும், வழக்கறிஞர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. பதிவேடு இணையத்தில் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் பெயரைத் தேடிவிடலாம்.